கப்பல் இல்லாத விரிகுடா

விடுதிச் சுவர்களில் படம் எழுதும் ஓவியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் கட்டுகிறவர்கள் ‘டஹிட்டி மாதிரி ஒரு சுவர்’, ‘ஹவாய் மாதிரி ஒரு சுவர்’ என்று கேட்பது உங்களுக்குப் புதிதில்லை. அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே போனுக்கு நாலு ரெஃபரன்ஸ் படம் வந்துவிடும். சாய்ந்த தென்னை, கண்ணாடிபோல் கடல், பின்னால் கூர்மையான பச்சை மலை, காதோரம் பூச்செருகிய பெண், அவள்மேல் துணி கொஞ்சம். பிளெக்ஸ் வந்து பேனர் தொழிலை விழுங்கிய பிறகு கையால் எழுதுகிறவனுக்குக் கிடைக்கிற வேலையே குறைவு. இதில் இதை வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் எழுதினால் பசித்தவனிடம் உபவாசத்தின் பெருமை பேசியதாகிவிடும். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு படமும் எந்த வழியாக உங்கள் போனுக்கு வந்து சேர்ந்தன என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இதை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் எல்லாரும் பால் கோகன் என்பார்கள். கோகன் பிறந்தது 1848ல். அதற்கு எழுபது ஆண்டுக்கு மேல் முன்பே இந்தப் படத்துக்கு அடித்தளம் போட்டுவிட்டுப் போனவர் வில்லியம் ஹாட்ஜஸ் என்ற லண்டன்காரர். கொல்லர் மகன். நம்முடைய மெட்ராஸ் கரையிலும் வந்து இறங்கியவர். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு படம். 1776ல் எழுதியது. லண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டஹிட்டியின் கிழக்குக் கோடியில் உள்ள வைதேபிஹா விரிகுடாவும் அங்கே வந்து சேரும் ஆறும்தான் காட்சி. பின்னால் மலைச் சிகரங்கள், அவற்றின்மேல் பொன்னிற வெளிச்சம், முன்னால் ஆற்றில் குளிக்கும் பெண்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் இடுப்புக்குக் கீழே பச்சை குத்தியது தெரியும். வலப்புறம் மரத்தில் செதுக்கிய ஒரு தெய்வ உருவம் நிற்கிறது. அதற்கும் அப்பால், சட்டென்று கண்ணில் படாத இடத்தில், பந்தலுக்குக் கீழே உயரமான மேடையில் துணி போர்த்திய ஒரு பிணம். உங்கள் ரெஃபரன்ஸ் படங்களில் மலையும் ஆறும் பெண்களும் இருக்கும். தெய்வமும் பிணமும் பச்சை குத்தியதும் இருக்காது. அவை எங்கே போயின என்பதுதான் இந்தக் கதை.

அந்தப் படத்திலும் ஒன்று இல்லை. கப்பல். 1773 ஆகஸ்டில் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் இரண்டு கப்பல்கள், ‘ரெசல்யூஷ’னும் ‘அட்வெஞ்ச’ரும், அதே விரிகுடாவுக்கு வெளியே பவளப் பாறையில் மாட்டி உடையப் பார்த்தன. ஹாட்ஜஸ் ‘ரெசல்யூஷ’னில்தான் இருந்தார். அதற்கு ஒன்பது மாதம் முன்பு ஒரு ஸ்பானியக் கப்பல் அங்கே வந்து போயிருந்தது. 1774 கடைசியில் அதே ஸ்பானியர் திரும்பி வந்து இரண்டு பாதிரிகளை இறக்கி, வீடு கட்டிக் கொடுத்து, சிலுவையும் நட்டார்கள். கப்பல் தலைவர் போனெச்சியா அங்கேயே செத்து அங்கேயே புதைக்கப்பட்டார். ஓராண்டு இருந்துவிட்டுப் பாதிரிகள் கிளம்பிவிட்டாலும் சிலுவை நின்றது. 1777ல் மறுபடி போன குக் அதைக் கண்ணால் பார்த்தார். ஆக, யாரும் காலடி வைக்காத இடம்போல் ஹாட்ஜஸ் லண்டனில் உட்கார்ந்து அந்த ஆற்றங்கரையை எழுதிக்கொண்டிருந்த ஆண்டில், நிஜக் கரையில் ஐரோப்பியன் ஒருவனின் கல்லறையும் சிலுவையும் இருந்தன.

இதை வைத்து அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். பாதிரிகள் வந்தது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கப்பலை எடுத்துவிட்டதுமட்டும் அவர் முடிவு. லண்டனில் பார்வைக்கு வைக்கிற படம் அது. அங்கே வருகிறவர்களுக்கு இத்தாலிய நிலக்காட்சிதான் உசத்தி. ஹாட்ஜஸின் குரு ரிச்சர்ட் வில்சன் இத்தாலியில் வெளிச்சம் படித்துவந்தவர். அந்தக் கண்ணாடியைப் போட்டுத்தான் சீடனும் டஹிட்டியைப் பார்த்தார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கற்ற ஊர்தான் கைக்கு வரும். இது உங்களுக்கும் தெரிந்த சங்கதி.

ஹாட்ஜஸ் குக்கோடு அந்தப் பயணத்துக்குப் போனதே ஒரு தற்செயல். ஜோஹன் சோஃபனி என்ற பெயர்பெற்ற ஓவியர் போவதாக இருந்தது. ஜோசப் பேங்க்ஸ் என்ற சீமான் கப்பலில் தனக்கு இடம் போதவில்லை என்று கோபித்துக்கொண்டு விலக, அவரோடு சோஃபனியும் போனார். காலி இடத்துக்கு இருபத்தேழு வயது ஹாட்ஜஸைக் கடற்படைத் தலைமையான அட்மிரல்டி அமர்த்தியது. குக்கின் முதல் பயணத்தில் போன ஓவியர்கள் இருவரும் உயிரோடு ஊர் திரும்பவில்லை. அலெக்சாண்டர் பூகன் டஹிட்டியிலேயே போனார், சிட்னி பார்க்கின்சன் திரும்பும் வழியில். இப்படிப்பட்ட வேலைக்குக் கிளம்பிய ஆள் இவர்.

கப்பலில் அவர் செய்த வேலையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். குக்கின் பெரிய அறையின் ஜன்னலிலிருந்து அப்படியே எண்ணெய் வண்ணத்தில் எழுதுவார். மழை வந்துகொண்டிருக்கும்போது மழை, வெயில் அடிக்கும்போது வெயில். வெப்ப மண்டலத்தின் ஈரக்காற்றில் மலை எப்படிக் கரைகிறது, மதியத்தில் நிழலுக்கு என்ன நிறம் என்பதை ஐரோப்பாவில் அதுவரை யாரும் இவ்வளவு நேராகப் பார்த்து எழுதியதில்லை. அதே பயணத்தில் தென்துருவ வட்டத்தையும் தாண்டினார்கள். நியூசிலாந்தின் டஸ்கி விரிகுடாவைக் காட்டும் அவருடைய ஒரு படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பச்சைக் காட்டுக்கு அடியில் பனிமலைகள் தெரிந்தன. கேன்வாஸ் தட்டுப்பாடோ, படம் பிடிக்கவில்லையோ, துருவத்துப் பனியின்மேலேயே காட்டை எழுதிவிட்டார். லண்டன் விமர்சகர்கள் அவர் தூரிகை கரடுமுரடு, முடிக்காத மாதிரி இருக்கிறது என்றார்கள். இன்று நாம் ரசிப்பது அந்தக் கரடுமுரடைத்தான்.

டஹிட்டியில் அவர் இருந்தது எவ்வளவு நாள்? 1773ல் ஒரு முறை, 1774ல் ஒரு முறை, இரண்டும் சேர்ந்து ஆறு வாரம்கூட இராது. அந்த ஆறு வாரத்தை வைத்துத்தான் இரண்டரை நூற்றாண்டாக உலகம் வியாபாரம் செய்கிறது.

இனி அச்சுக்கு வருவோம். கெட்டதெல்லாம் அங்கேதான் நடந்தது. எண்ணெய் ஓவியத்தை நேரில் போகிறவர்கள்தான் பார்ப்பார்கள். குக்கின் பயணநூல் 1777ல் வெளியானது. அதில் உள்ள செப்புத்தகட்டு அச்சுப்படங்கள்தான் ஊரெல்லாம், நாடெல்லாம் போயின. செப்புத்தகட்டில் வண்ணம் கிடையாது. ஊசியால் கீறிய கோடுதான். ஹாட்ஜஸின் பலம் வெளிச்சம். அது தகட்டில் ஏறாது. அவருடைய பலவீனம் மனித உருவம். உருவமோ கோட்டில் அழகாக ஏறும், அதுவும் செதுக்குகிறவன் கைக்குப் பழகிய உருவமாக. அவனுக்குப் பழகியதெல்லாம் கிரேக்கச் சிலை. ஆக, அவர் நன்றாகப் பார்த்தது ஒன்றும் பிரதியாகவில்லை, அரைகுறையாக எழுதியது ஆயிரக்கணக்கில் பிரதியானது.

இதற்கு நல்ல சாட்சி டோங்கா தீவுகளில் ஒன்றான எவுவாவில் குக் இறங்கும் படம். ஜான் கெய்ஸ் ஷெர்வின் செதுக்கியது. கரையில் வரவேற்க நிற்கிறவர்கள் எல்லாரும் ஏதென்ஸ் நகரப் பெரியவர்களைப்போல் மேலங்கி தொங்கத் தொங்க நிற்பார்கள். கப்பலில் கூடவே போன ஜார்ஜ் ஃபார்ஸ்டர் அப்போது இருபதைத் தாண்டிய இளைஞர். அதே 1777ல் வந்த தன் நூலில், அந்த முகங்களும் உடலமைப்பும் கிரேக்கருடையவை, தென்கடலில் எங்கும் கிடையாது; அந்த மக்கள் இடுப்பில் மரப்பட்டைத் துணி கட்டியவர்கள், இப்படி உடுத்துவதில்லை என்று போட்டு உடைத்தார். குக்கின் நூல் கடைக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்ட மறுப்பு. என்ன பயன்? மறுப்பை யாரும் சுவரில் மாட்டவில்லை.

சுவர் என்றதும் உங்கள் தொழிலுக்கே வந்துவிட்டேன். பிரான்சில் மாகோன் ஊரில் ஜோசப் டுஃபூர் என்று ஒரு சுவர்த்தாள் உற்பத்தியாளர். 1804, 1805ல் ழான் கப்ரியேல் சார்வே என்ற ஓவியரிடம் வடிவமைக்கச் சொல்லி, ‘பசிபிக் கடலின் காட்டு மக்கள்’ என்று ஒரு சுவர்த்தாளை வெளியிட்டார். இருபது பட்டை, சேர்த்து ஒட்டினால் பத்து மீட்டருக்கு மேல் நீளம், மரக்கட்டை அச்சில் வண்ணம் வண்ணமாக. பெரும்பாலும் குக் பயண நூல்களின் அச்சுப்படங்களைப் பார்த்து எழுதியது. டஹிட்டி, டோங்கா, ஹவாய், நியூசிலாந்து, வடஅமெரிக்கக் கரை எல்லாரும் ஒரே தோப்பில் நிற்கிறார்கள். பெண்கள் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் மஸ்லினில் நடனம் ஆடுகிறார்கள். பச்சை குத்தியது போயிற்று, தெய்வம் போயிற்று, மேடையில் கிடந்த பிணமும் போயிற்று. தூரத்தில் மூலையில் ஹவாயில் குக் கொல்லப்படும் காட்சி குட்டியாக உண்டு. சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் தெரியாது. கூடவே ஒரு விளக்கப் புத்தகமும் கொடுத்தார், வீட்டுப் பிள்ளைகள் சுவரைப் பார்த்தே பூகோளம் படிக்கலாம் என்று! உங்களுக்கு வருகிற ரெஃபரன்ஸ் படத்தின் முப்பாட்டன் இந்தத் தாள்தான்.

பிணமேடை விஷயத்தில் ஹாட்ஜஸுக்குச் செய்த அநியாயம் எனக்கு ஆறாது. மனிதர் அதைத் தனியாகவே வரைந்தார். துக்கம் நடத்தும் தலைவன் சிப்பியும் இறகும் வைத்த முகமூடி உடையில் பிணத்தின் பக்கம் நிற்கும் படம் குக்கின் நூலில் உண்டு. சாவைப் பார்த்தார், சடங்கைப் பார்த்தார், இரண்டையும் எழுதினார். அடுத்தடுத்துப் பிரதி எடுத்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது கோகன். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், அவரைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும். 1891 ஜூனில் பபேத்தே துறைமுகத்தில் இறங்கியபோது டஹிட்டி பிரெஞ்சுக் காலனியாகி 11 ஆண்டு. அரசர் இரண்டாம் பொமாரே ஞானஸ்நானம் பெற்றது 1819ல். முழு பைபிளும் டஹிட்டி மொழியில் 1838லேயே அச்சாகிவிட்டது. பெண்கள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய மிஷன் கவுனில் ஞாயிற்றுக்கிழமை ஜபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தேடிவந்தது இல்லை என்று தெரிந்ததும் அவர் திரும்பிப் போகவில்லை, எழுதி உண்டாக்கிக்கொண்டார். பழைய தெய்வங்களை 1837ல் மோரன்ஹவுட் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தார். நிற்கிற பாவனைகளை ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களின் போட்டோவிலிருந்து எடுத்தார். கூட வைத்துக்கொண்ட பெண்ணுக்குச் சுமார் பதின்மூன்று வயது என்று அவரே எழுதியிருக்கிறார். அதைக் காதல் கதையாகப் படிக்க என்னால் ஆகாது. ஆனாலும் தெஹாமனா என்ற அதே பெண்ணை 1893ல் கழுத்து மூடிய கோடு போட்ட கவுனில் உட்காரவைத்து ஒரு படம் எழுதினார். சிகாகோவில் இருக்கிறது. அவர் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ரிசார்ட்காரர் யாரும் அதை ரெஃபரன்ஸாக அனுப்பியிருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுவேன்.

இருபதாம் நூற்றாண்டில் விமானம் வந்தது. பபேத்தே அருகே ஃபாஆ விமான நிலையம் 1961ல் திறந்தது. கடல்மேல் கால் ஊன்றிய குடில் விடுதிகளும் அந்தப் பத்தாண்டில்தான் தோன்றின. அதே பத்தாண்டில், 1966ல், பிரெஞ்சு அரசு அந்தத் தீவுக்கூட்டத்தின் மொருரோவா, ஃபங்கடாஃபா பவளத்தீவுகளில் அணுகுண்டு வெடித்துப் பார்க்கத் தொடங்கியது. 1996 வரை மொத்தம் 193 வெடிப்பு. முப்பது ஆண்டும் விளம்பரப் படத்தில் தென்னை சாய்ந்துகொண்டேதான் இருந்தது. ஆளே இல்லாத சொர்க்கம் என்று ஒரு கடலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே குண்டு போடத் தயக்கம் குறையும் என்பது என் கணிப்பு. ஓவியன்மேல் அந்தப் பழியைப் போட முடியாதுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டுஃபூரின் அந்தச் சுவர்த்தாளுக்குப் பதில் சொன்னவர் நியூசிலாந்தின் மாவோரிக் கலைஞர் லீசா ரெய்ஹானா. அதே தோப்பையும் அதே கடலையும் அசையும் வீடியோவாக்கி, உள்ளே நிஜ மனிதர்களை, பெரும்பாலும் பசிபிக் தீவுகளின் வம்சத்தவர்களை, நடிக்கவிட்டார். 2017 வெனிஸ் கண்காட்சியில் அதை வைத்தார்கள். தாள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஆட்டம் நடக்கும், பேரம் நடக்கும், சவுக்கடி விழும், துக்கத் தலைவனும் தன் உடையில் வருவான். டுஃபூர் மூலையில் ஒளித்த குக்கின் சாவு இதில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடக்கிறது. சுவர்வேலை செய்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது.

மெட்ராஸ் கதைக்கு வருகிறேன் என்றேன். ஹாட்ஜஸ் 1780 தொடக்கத்தில் இங்கே வந்து இறங்கினார். கடலிலிருந்து பார்த்த மெட்ராஸ் அவருக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? சுண்ணாம்பு தேய்த்துப் பளபளக்கும் வெள்ளைக் கட்டடங்கள், மேகமில்லாத வானம், மணல், கரும்பச்சைக் கடல் எல்லாம் சேர்ந்து, அலெக்சாண்டர் காலத்துக் கிரேக்க நகரம் ஒன்றைக் கற்பனை செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்ததாம்! ஃபார்ஸ்டர் திட்டியும் மனிதர் திருந்தவில்லை பாருங்கள். ஜூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் பாய்ந்தது. நாட்டுப்புறத்திலிருந்து சனங்கள் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸை நோக்கி ஓடிவந்ததை அவர் தன் இந்தியப் பயண நூலில் எழுதியிருக்கிறார். 1793ல் வந்த நூல் அது. நினைத்தபடி ஊர் சுற்ற வழியில்லாமல் அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆதரவு கிடைத்தது. அதனால் அவர் அச்சிட்ட இந்தியக் காட்சிகளில் பெரும்பங்கு வடக்குக்குப் போயிற்று. நம் கோயில் கோபுரங்களை அவர் வெளிச்சத்தில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஒருவகையில் தப்பித்தோம் என்றும் சொல்லலாம்.

கடைசிக் காலத்தில் அவர் தன் படம் என்ன பேசவேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கப் பார்த்தார். ‘சமாதானத்தின் விளைவுகள்’, ‘போரின் விளைவுகள்’ என்று இரண்டு பெரிய படம் எழுதி லண்டனில் கண்காட்சி வைத்தார். பிரான்சோடு இங்கிலாந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். 1795 தொடக்கத்தில் அரசர் மகன் யார்க் கோமகன் வந்து பார்த்தார், கண்காட்சி மூடப்பட்டது. ஹாட்ஜஸ் தூரிகையை வைத்துவிட்டு டார்ட்மத் ஊரில் வங்கித் தொழிலில் பங்கு சேர்ந்தார். 1797ல் வங்கி முறிந்தது, அதே ஆண்டு அவரும் போனார். குளிக்கும் பெண்களை எழுதியபோது எந்தக் கோமகனும் கதவைச் சாத்தவில்லை.

இனி உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை ‘டஹிட்டி சுவர்’ கேட்டால், ஹாட்ஜஸிடமிருந்தே வேறு ஒரு படத்தை எடுத்துக் காட்டுங்கள். 1774 ஏப்ரலில் டஹிட்டியின் பாரே கரையில் மோரேயா தீவின்மேல் படையெடுக்கக் கூடி நின்ற போர்ப்படகுகள். குக் எண்ணிப் பார்த்தார். பெரிய இரட்டைப் படகு 160, சிறியது 170. பெரியதில் நாற்பது பேர், சிறியதில் எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டு 7,760 ஆள் என்று எழுதினார். ஹாட்ஜஸ் எழுதிய பெரிய ஓவியமும் கிரீனிச்சில்தான் இருக்கிறது. வூலட் என்பவர் செதுக்கிய அச்சுப்படம் குக்கின் நூலிலேயே உண்டு. ஒளித்துவைத்த படம் இல்லை. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதுகிறவனுக்கு அதில் தீனி நிறைய. இரண்டு ஓடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறுக்குமரம் போட்டுக் கட்டியிருப்பார்கள். பின்புறம் வளைந்து ஆளுயரத்துக்கும் மேலே எழும்பும், அதன் நுனியில் செதுக்கிய உருவம். முன்புறம் தூண்கள்மேல் ஒரு மேடை. வீரர்கள் நின்று சண்டை போடுவது அங்கேதான். மார்பில் பிறைவடிவக் கவசம், பிரம்பில் பின்னிப் புறா இறகு ஒட்டிச் சுறாப்பல் வரிசை கோத்து, ஓரத்தில் நாய்முடிக் குஞ்சம் வைத்தது. தலையில் நாலைந்து அடி உயரத்துக்குப் பிரம்புத் தலைக்கவசம். படகுகளில் வண்ணத் துணிகள் பறக்கும். மலை வேண்டுமா, பின்னால் இருக்கிறது. தென்னை வேண்டுமா, கரையோரம் எத்தனை வேண்டுமானாலும் நட்டுக்கொள்ளலாம்.

பெண் எங்கே என்று முதலாளி கேட்பார். கேட்கட்டும். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மேசையை விட்டு எழுந்துவந்து செல்ஃபி எடுக்கப்போவது எந்தச் சுவரில் என்று அவரையே திருப்பிக் கேளுங்கள். வியாபாரிக்கு அந்தப் பாஷை புரியும். முப்பது அடிச் சுவரில் ஆறேழு பெரிய படகு தாராளமாகப் பிடிக்கும், மீதியைத் தூரத்தில் பாய்மரக் கோடுகளாக விட்டுவிடலாம். கடலுக்குமட்டும் கடையில் கிடைக்கிற டர்க்காய்ஸ் டப்பாவை உடைத்து அப்படியே அடித்துவிடாதீர்கள். பவளத் தடுப்புக்கு உள்ளே வெளிர்பச்சை, வெளியே கருநீலம், இரண்டுக்கும் நடுவில் அலை உடைகிற வெள்ளைக் கோடு.

அன்புடன்,
உங்கள் சுவர்களை நின்று பார்த்துவிட்டுப் போகிற ஒருவன்